இஸ்தான்புல்லில் கோயில் கும்பிடப் போகும் நம் ஊர் ஆட்களுக்கு

மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோயிலடியில் மெழுகுதிரி விற்கிற குடும்பம் எங்களுடையது. ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் அப்பா காலத்தில் இருந்தே கடை போடுகிறோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில். அதில் மெழுகு உருக்கி, நூல் திரி இழுத்துக் கட்டிய தகர அச்சில் ஊற்றி, ஆறவிட்டு, பத்துப் பத்தாகக் கட்டி வைப்போம். அதனால் எந்தக் கோயிலுக்குள் நுழைந்தாலும் பீடத்தைப் பார்க்க முன்னமே என் கண் மெழுகுதிரி ஏற்றும் இடத்துக்குப் போய்விடும். இந்த எழுத்திலும் மெழுகுதிரி அடிக்கடி வரும்.

மகள் ஜேர்மனியில் இருக்கிறாள். அவளிடம் போய் வந்த இரண்டு தடவையும் இஸ்தான்புல்லில் விமானம் மாறினேன். 2022 இல் மகளோடு மூன்று நாள் தங்கினேன். 2024 கடைசியில் தனியாக ஐந்து நாள். அதற்குப் பிறகு முருங்கனிலும் செட்டிகுளத்திலும் எத்தனையோ பேர், "அங்கே அந்தோனியார் கோயில் ஒன்று இருக்காமே, எப்படிப் போகிறது?" என்று கேட்டுவிட்டார்கள். எல்லோரும் பிள்ளைகளைப் பார்க்க ஐரோப்பாவுக்குப் போகிற தாய் தகப்பன்மார். அவர்களுக்கு வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

விசாவைப் பற்றி ஒரே ஒரு சொல். விமானம் மாறுவது வேறு, வெளியே இறங்கி ஊர் பார்ப்பது வேறு. வெளியே இறங்க துருக்கி விசா வேண்டும். டிக்கெட் தேதியை முடிவு செய்வதற்கு முன் துருக்கி அரசின் சொந்த இ-விசா தளத்தில் உங்கள் கடவுச்சீட்டுக்கு என்ன விதி என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். இடையில் நிற்கிற தரகர் தளங்களில் காசு கட்ட வேண்டாம்.

சரி, கோயில்களுக்கு வருவோம்.

"அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை, எல்லாம் பள்ளிவாசலாகிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருகிறவர்கள் உண்டு. ஆயா சோபியாவை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் அப்படித்தான் தோன்றும். ஒன்றரைக் கோடிக்கு மேல் சனம் உள்ள நகரம், கிட்டத்தட்ட எல்லோரும் முஸ்லிம்கள். ஆனாலும் கிரேக்கர், ஆர்மீனியர், சிரியக் கிறிஸ்தவர், பல்கேரியர், கத்தோலிக்கர் என்று ஒவ்வொரு சபைக்கும் இன்றும் பூசை நடக்கிற கோயில்கள் அங்கே இருக்கின்றன. அவை கண்ணில் படாததற்குக் காரணம், ஒட்டோமான் சுல்தான்களின் காலத்துக் கட்டுப்பாடு. கோயில்கள் தலை நிமிர்ந்து நிற்கக் கூடாது, கும்மட்டம் வைக்கக் கூடாது, மணி அடிக்கக் கூடாது என்று இருந்தது. அதனால் உயரமான மதில், சின்னக் கதவு, உள்ளே முற்றம், முற்றத்துக்குப் பின்னால் கோயில் என்று கட்டிக்கொண்டார்கள். 19 ஆம் நூற்றாண்டில் சட்டம் தளர்ந்த பிறகுதான் கும்மட்டம் வந்தது. தக்சீம் சதுக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிற ஆயா திரியாதா என்ற கிரேக்கக் கோயில் 1880 இல் திறக்கப்பட்டது. அதன் கும்மட்டத்தையும் இரண்டு மணிக்கோபுரங்களையும் தூரத்தில் இருந்தே பார்க்கலாம். பழைய கோயில்களைத் தேடும்போது மேலே பார்க்காதீர்கள், மதிலைப் பாருங்கள். மதிலில் ஒரு இரும்புக் கதவு, பக்கத்தில் ஒரு மணிப்பொத்தான், மேலே சின்னச் சிலுவை இருக்கும்.

போகிற இடம் எந்த வகை என்று தெரிந்துகொண்டு போவதுதான் முக்கியம். இன்றும் கோயிலாக இருப்பது ஒன்று. ஒரு காலத்தில் கோயிலாக இருந்து இன்று பள்ளிவாசலாக இருப்பது இன்னொன்று. இரண்டும் இல்லாமல் அரசாங்கக் காட்சியகமாக இருப்பது மூன்றாவது. ஆயா சோபியாவும் காரியே என்ற பழைய கோயிலும் இரண்டாவது வகை. தொப்காப்பி அரண்மனையின் முதல் முற்றத்தில் இருக்கிற ஆயா இரினி மூன்றாவது வகை. அதைப் பள்ளிவாசலாக்கவே இல்லை, ஆயுதக் களஞ்சியமாக வைத்திருந்தார்கள். பீடத்துக்கு மேலே வளைவில் பொன் நிறத்தில் ஒரே ஒரு கறுப்புச் சிலுவை, வேறு படம் எதுவும் இல்லை. உருவங்களை வணங்கலாமா கூடாதா என்று கிறிஸ்தவர்களே சண்டை பிடித்த காலத்தில் வரைந்தது அது. அரண்மனை செவ்வாய்க்கிழமை பூட்டு, அதனால் அதற்கு வேறு நாள் ஒதுக்குங்கள். செவ்வாயை அந்தோனியாருக்கு விடுங்கள், பிறகு சொல்கிறேன்.

உடுப்பு. நான் முதல் நாள் சேலையோடு போய்க் கஷ்டப்பட்டேன். பழைய கோயில்கள் இருக்கிற ஃபெனெர், பலாத் பக்கத் தெருக்கள் கருங்கல் பாவிய ஏற்றம், மழை பெய்தால் வழுக்கும். சல்வாரும் அடிப்பாகம் பிடிப்பான சப்பாத்தும் நல்லது. சப்பாத்து குனிந்து நாடா அவிழ்க்கத் தேவையில்லாததாக இருக்கட்டும், பள்ளிவாசல்களில் கழற்ற வேண்டும். பெரிய சால்வை ஒன்று எப்போதும் பையில். பள்ளிவாசலில் முக்காடு கட்டாயம். கிரேக்கக் கோயில்களில் கட்டாயம் இல்லை, ஆனால் நாங்கள் வழக்கமாகப் பூசையில் போடுகிற மாதிரிப் போட்டால் சந்தோஷப்படுவார்கள். ஆண்கள் அரைக் காற்சட்டையோடு போக வேண்டாம். கோயில்களில் மலசலகூடம் பெரும்பாலும் இருக்காது. பக்கத்துப் பள்ளிவாசலில் இருக்கும், சுத்தமாகவும் இருக்கும், கொஞ்சம் சில்லறை கேட்பார்கள்.

பஸ், டிராம், மெட்ரோ, கப்பல் எல்லாவற்றுக்கும் இஸ்தான்புல்கார்ட் என்ற ஒரே அட்டை போதும். விமான நிலையத்திலேயே வாங்கிக் காசு ஏற்றிவிடுங்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் அந்த நாளை முழுவதும் ஃபெனெருக்கும் பலாத்துக்கும் கொடுங்கள். எமினோனுவில் டி5 டிராம் ஏறினால் தங்கக் கொம்பு என்று சொல்கிற அந்தக் கடற்கழி ஓரமாகவே போகும். ஃபெனெர் என்ற நிறுத்தத்தில் இறங்குங்கள். ஐந்து நிமிட நடையில் கொன்ஸ்தாந்திநோபிளின் கிரேக்கப் பிதாப்பிதா இருக்கிற வளவு. உலகத்துக் கிழக்கு மரபுத் திருச்சபைகளுக்குள் முதல் மரியாதை அவருக்குத்தான். ஆனால் அந்த வளவு எங்கள் மறைமாவட்டத்துப் பெரிய பங்கு ஒன்றின் அளவுகூட இல்லை. வாசலில் பையைச் சோதிப்பார்கள். முன்னால் மூன்று வாசல், நடு வாசல் எப்போதும் பூட்டு. 1821 இல் கிரேக்கர் கிளர்ச்சி செய்தபோது, பிதாப்பிதா ஐந்தாம் கிரெகோரியுவை உயிர்த்த ஞாயிறு அன்று அந்த வாசலில்தான் தூக்கில் போட்டார்கள். அன்று பூட்டியதை இன்றுவரை திறக்கவில்லை. பக்கத்து வாசலால்தான் எல்லோரும் போகிறோம். நடு வாசலுக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டு படம் எடுப்பவர்களைப் பார்த்தேன். தெரியாமல் செய்கிறார்கள். நீங்கள் தெரிந்து போங்கள்.

உள்ளே கால் வைத்ததும் மெழுகுதிரி. என் சுண்டுவிரலைவிட மெல்லியது, பனங்கட்டி நிறம். கையில் எடுத்தவுடன் சூட்டில் மெல்ல வளைகிறது. முகர்ந்து பார்த்தேன், தேன் வாசம். நாங்கள் உருக்குகிற வெள்ளை மெழுகு இல்லை, தேன்மெழுகு. காசை உண்டியலில் போட்டுவிட்டு நீங்களே எடுத்துக்கொள்ளலாம். குத்துவதற்கு ஆணி கிடையாது, மணல் நிரப்பிய தட்டு. மணலில் ஆழக் குத்த வேண்டும், மேலாகக் குத்தினால் பக்கத்துத் திரியின் சூட்டில் சரிந்துவிடும். நான் என்னுடையதை ஏற்றி ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் வந்து பாதி எரிந்த திரிகளைப் பிடுங்கித் தகரத்தில் போட்டார். என்னுடையதும் போய்விட்டது. மகளுக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. திருவிழா நாளில் மடுவிலும் இடம் காணாமல் அப்படித்தான் எடுப்பார்கள், அந்தத் துண்டுகளை உருக்கி மறுபடி வார்க்கிறவர்கள் நாங்கள். உங்கள் திரியை எடுத்தால் மனம் நோக வேண்டாம். கூட்டம் இல்லாத நேரம் போனால் முழுதாக எரியும்.

கிரேக்கக் கோயிலில் சொரூபம் இருக்காது, படங்கள்தான். பீடத்தை மறைத்துப் படங்கள் நிறைந்த பெரிய மரத் தடுப்பு நிற்கும். அதற்கு அந்தப் பக்கம் போகக் கூடாது. சிலுவை அடையாளத்தை அவர்கள் வலத் தோளில் இருந்து இடத் தோளுக்குப் போடுவார்கள். நீங்கள் உங்கள் முறைப்படி போட்டால் யாரும் குறை நினைப்பதில்லை. கால் மேல் கால் போட்டு உட்கார வேண்டாம், அது அங்கே அவமரியாதை. பூசையில் நன்மை (நற்கருணை) வாங்க வரிசையில் போகாதீர்கள், அது அவர்கள் சபையாருக்கு மட்டும். பூசை முடிவில் ஆசீர்வதித்த அப்பத் துண்டு கொடுப்பார்கள், அதை எல்லோரும் வாங்கலாம்.

பிதாப்பிதாவின் வளவுக் கோயிலில் நசியான்சு ஊர்ப் புனித கிரகோரியார், புனித கிறிசோஸ்தோம் அருளப்பர் இருவருடைய திருப்பண்டங்களும் இருக்கின்றன. 2004 நவம்பரில் பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல் உரோமையில் இருந்து திருப்பிக் கொடுத்தவை. முஸ்லிம்கள் கோயில்களை எடுத்துக்கொண்டார்கள் என்று மனத்தாங்கலோடு போகிறவர்கள் ஒன்றையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். துருக்கியர் இந்த நகரத்தைப் பிடித்தது 1453 இல். அதற்கு இருநூற்றைம்பது வருஷம் முன்பே, 1204 இல், சிலுவைப் போருக்கென்று புறப்பட்ட மேற்கத்தியக் கிறிஸ்தவர்கள் இதே நகரத்தைக் கொள்ளையடித்தார்கள். ஆயா சோபியாவின் பீடத்தையும் உடைத்தார்கள்.

பாப்பரசர் பிரான்சிஸ் 2014 நவம்பர் கடைசியில் இந்தக் கோயிலுக்கு வந்து பிதாப்பிதா பர்தலோமேயுவின் முன்னால் தலை குனிந்து ஆசீர் கேட்டார். அதற்கு முன் நீலப் பள்ளிவாசலில் இஸ்தான்புல்லின் தலைமை முஃப்திக்குப் பக்கத்தில் நின்று மௌனமாகச் செபித்தார். ஒன்றரை மாதம் கழித்து, 2015 ஜனவரி 14 இல், எங்கள் மடுவுக்கு வந்தார். அன்றைக்கு அவரைப் பார்த்த ஆட்கள் ஃபெனெரில் நிற்கும்போது அதை நினைத்துப் பாருங்கள்.

அங்கிருந்து மேலே ஏறுங்கள். மலையில் செங்கல் கோட்டை மாதிரிப் பெரிய சிவப்புக் கட்டடம் தெரியும், அது கிரேக்கப் பள்ளிக்கூடம். அதை அடையாளமாக வைத்துக்கொண்டு போனால் பக்கத்திலேயே மதிலுக்குள் மொங்கோலியர் மாதா கோயில். சிவப்பு நிறம் பூசிய சின்னக் கோயில். துருக்கியர் பிடிப்பதற்கு முந்திய பைசாந்தியக் காலத்துக் கோயில்களில் ஒரு நாளும் பள்ளிவாசலாகாமல் கிரேக்கரின் கையிலேயே இருந்து வந்தது இது ஒன்றுதான். சக்கரவர்த்தி எட்டாம் மிகாயேலின் மகள் மரியா, மொங்கோலிய அரசன் அபாகாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய், அவன் செத்த பிறகு ஊர் திரும்பி இந்த இடத்தில் கன்னியர் மடம் அமைத்தாள். நகரத்தைப் பிடித்த சுல்தான் மெஹ்மெது, இந்தக் கோயிலைக் கிரேக்கருக்கே விட்டுவிடுவதாகக் கட்டளை எழுதிக் கொடுத்தார். அதன் பிரதி உள்ளே தொங்குகிறது.

2022 இல் நாங்கள் போனபோது மணிப்பொத்தானை அழுத்தி அரை மணித்தியாலம் நின்றோம். யாரும் வரவில்லை. எதிர் வீட்டு மேல்மாடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் ஒருவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு "தெய்ஸே!" என்று என்னைக் கூப்பிட்டு, கையால் நித்திரை கொள்வது மாதிரியும் சூரியன் எழும்புவது மாதிரியும் காட்டினார். நாளைக் காலையில் வாருங்கள் என்கிறார். தெய்ஸே என்றால் தாயின் சகோதரி என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதாவது சின்னம்மா, பெரியம்மா. எங்களைப் போலவே அவர்களும் தெரியாத ஆளை முறை சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மறுநாள் எங்களுக்கு விமானம். 2024 இல் காலை பத்தரைக்குப் போனேன். இரண்டாம் தடவை மணியை அழுத்தியதுமே வயதான காவலர் வந்து கதவைத் திறந்தார்.

கதவு திறக்க வைப்பதற்கு நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையில் போங்கள். ஞாயிறு காலை பூசை நேரம் என்றால் இன்னும் நிச்சயம். மணியை ஒரு தடவை அழுத்தி, நூறு எண்ணும் வரை பொறுங்கள், காவலர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். கதவு திறந்ததும் போனை நீட்டிப் படம் எடுக்காதீர்கள். "மெர்ஹபா" என்று வணக்கம் சொல்லிவிட்டு, "மும்" என்று சொல்லுங்கள். துருக்கி மொழியில் மும் என்றால் மெழுகுதிரி. படம் எடுக்க வந்தவர் இல்லை, செபிக்க வந்தவர் என்று அந்த ஒரு சொல்லிலேயே அவர்களுக்கு விளங்கிவிடும். எனக்கு மூன்று இடங்களில் அந்தச் சொல்லுக்குத்தான் கதவு திறந்தது. போகும்போது "தெஷெக்கூர்", நன்றி. உண்டியலில் ஏதாவது போடுங்கள், காவலரின் கையில் திணிக்க வேண்டாம்.

கீழே இறங்கிக் கடற்கரை ஓரத்துக்கு வந்தால் பல்கேரியரின் ஸ்தேவான் கோயில். முழுக்க இரும்பு. நிலம் சதுப்பு, கல்லில் கட்டினால் தாழ்ந்துவிடும் என்று வியன்னாவில் துண்டு துண்டாக வார்த்து, தன்யூப் நதியாலும் கருங்கடலாலும் கப்பலில் கொண்டுவந்து பூட்டினார்கள். 1898 இல் திறந்தது, பழுது பார்த்து 2018 இல் மறுபடி திறந்தது. தூண், பூ வேலை எல்லாம் கல் மாதிரியே இருக்கும். விரலால் தட்டிப் பாருங்கள், வெறும் தண்ணீர்ப் பீப்பாயில் தட்டின சத்தம் வரும்.

அதற்கு அடுத்துத்தான் எனக்குப் பிடித்த இடம். டிராமில் ஐவான்சராய் வரை போய் இறங்கினால் பிளாக்கெர்ணே மாதா கோயில். கட்டடம் சின்னது, புதியது, வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் ஐந்தாம் நூற்றாண்டில் இருந்து மாதாவுக்கு உரிய இடம் அது. மாதாவின் மேலாடை என்று வணங்கிய துணி ஒரு காலத்தில் இங்கே இருந்தது. 626 இல் நகரத்தை எதிரிகள் முற்றுகை இட்டபோது மாதாவின் படத்தை மதிலைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள், முற்றுகை நீங்கிய இரவு சனம் உட்காராமல் நின்றபடியே மாதாவுக்குப் பாடியது. அந்தப் பாட்டுக்கு இன்றும் 'உட்காராத பாட்டு' என்றுதான் கிரேக்கத்தில் பெயர். ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையில் இருந்து மாதாவைக் காட்டுக்குள் கொண்டுவந்ததையும், 2008 ஏப்ரலில் ஷெல்லுக்கு நடுவே மடுவில் இருந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனதையும் தெரிந்த நாங்கள் அந்த இடத்தில் சும்மா நிற்க முடியாது. நான் முழங்காலில் இருந்து ஒரு செபமாலை சொன்னேன்.

கோயிலுக்குள்ளேயே ஊற்று இருக்கிறது. இப்படிப்பட்ட ஊற்றை அயாஸ்மா என்கிறார்கள். குழாயைத் திறந்து முகம் கழுவலாம், குடிக்கலாம், போத்தலில் எடுக்கலாம். பாம்பு விஷத்துக்கு நாங்கள் மடு மண் எடுத்து வைக்கிற மாதிரி அவர்கள் இந்தத் தண்ணீரை எடுத்து வைக்கிறார்கள். நான் நின்ற நேரத்தில் முக்காடு போட்ட இரண்டு பெண்கள் வந்து பிள்ளையின் நெற்றியில் தண்ணீர் தடவிவிட்டுப் போனார்கள். மடுவுக்குச் சைவ ஆட்களும் வந்து நேர்த்தி வைப்பதைச் சின்ன வயதில் இருந்து பார்த்தவள் எனக்கு அது புதினமாக இல்லை.

இப்போது அந்தோனியார். தக்சீமில் இருந்து இஸ்திக்லால் தெருவில் நடந்தால் இடது கைப்பக்கம், இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவில் வளைவு வாசல், உள்ளே முற்றம், அதற்குப் பின்னால் செங்கல் கோயில். 1912 இல் திறந்தது, நகரத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் பெரியது. பிரான்சிஸ்கன் சபைக் குருக்கள் பார்க்கிறார்கள். முற்றத்தில் பாப்பரசர் 23 ஆம் அருளப்பரின் சிலை இருக்கும். அவர் பாப்பரசராக வருவதற்கு முன் 1935 முதல் 1944 வரை இந்த நகரத்தில் உரோமையின் பிரதிநிதியாக இருந்தவர், இந்தக் கோயிலில் பிரசங்கம் செய்தவர். ஆங்கிலப் பூசை உண்டு, நேரம் வாசலில் ஒட்டியிருக்கும். பூசைக்குப் பிலிப்பைன்ஸ் பிள்ளைகளும் ஆபிரிக்கப் பிள்ளைகளும் நிறைய வருவார்கள். வீட்டு வேலைக்கு வந்த பிள்ளைகள். ஒரு பிள்ளை என் பக்கத்தில் இருந்து முழுப் பூசையும் அழுதுகொண்டே பாடியது.

நம் ஊரைப் போல அங்கேயும் செவ்வாய்தான் அந்தோனியார் நாள். செவ்வாயில் போங்கள். மெழுகுதிரி வரிசையில் நிற்பவர்களில் பலர் முஸ்லிம்கள்தான். பிள்ளை வரம், பரீட்சை, வேலை, தொலைந்த பொருள் எல்லாம் கேட்கிறார்கள். யாரையும் முறைத்துப் பார்க்காதீர்கள், அவர்கள் நேர்த்திக்கு வந்தவர்கள். திரும்பும்போது அதே தெருவில் மீன் சந்தைக்குள் நுழைந்து பாருங்கள். மீன் தட்டுக்களுக்கும் ஊறுகாய்க் கடைக்கும் நடுவில் ஒரு கதவு. அதைத் தாண்டினால் ஆர்மீனியரின் திரித்துவக் கோயில். வெளியே அவ்வளவு இரைச்சல், உள்ளே மணிக்கூட்டுச் சத்தம் கேட்கும்.

வாசல் சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை, நகரத்தின் வடக்கே சாரியெர் பகுதியில் ஒரு கத்தோலிக்கக் கோயிலில் பூசை நடக்கும்போது துப்பாக்கிக்காரர்கள் புகுந்து ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு காவல் கூடிவிட்டது. எங்களுக்கு 2019 உயிர்த்த ஞாயிறு மறக்காது. பொலிஸ்காரர் கேட்பதற்கு முன்னமே பையைத் திறந்து காட்டுங்கள். பெரிய பையோடு போகாதீர்கள்.

மாதத்தின் முதலாம் தேதி அங்கே நிற்க நேர்ந்தால், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு உன்கபானிக்குப் பக்கத்தில் வெஃபா மாதா கோயிலுக்குப் போங்கள். 'முதலாம் தேதிக் கோயில்' என்று கேட்டாலே வழி காட்டுவார்கள். விடியவே வரிசை தொடங்கிவிடும், வரிசையில் முக்கால்வாசிக்கு மேல் முஸ்லிம் பெண்கள். வாசலில் சின்னச் சின்னச் சாவி விற்கிறார்கள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் கேட்க வேண்டியதைக் கேட்டு, கீழே ஊற்றுத் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு வர வேண்டும். கேட்டது கிடைத்தால் சாவியைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்க வேண்டும். 2024 டிசம்பர் முதலாம் தேதி நான் ஒன்று வாங்கினேன்.

அந்தச் சாவியைக் கையில் எடுத்ததும் எனக்கு வேறொரு சாவி நினைவு வந்தது. அப்பா திரி நூல் வாங்குகிற கடை மன்னாரில் ஒரு முஸ்லிம் முதலாளியுடையது. நாங்கள் பிள்ளைகள் அவரை மாமா என்போம். 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்த முஸ்லிம் சனம் முழுவதையும் புலிகள் வெளியேற்றினார்கள். மாமா போகும்போது கடைச் சாவியை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதை மெழுகு அச்சுப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு நாங்கள் இடம்பெயர்ந்தபோதும் அந்தப் பெட்டி கூட வந்தது. யுத்தம் முடிந்து அவருடைய மகன் புத்தளத்தில் இருந்து வந்தபோது நான்தான் சாவியைக் கொடுத்தேன். அவரோடு போய்ப் பார்த்தேன். சுவர் இருந்தது, கதவு இல்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இஸ்தான்புல்லில் நீங்கள் சந்திக்கிற காவலர்களும் அப்படிப்பட்டவர்களுக்குப் பிறகு மிஞ்சி இருக்கிறவர்கள்தான். 1955 செப்டெம்பர் 6 ஆம் தேதி இரவு கும்பல்கள் கிரேக்கரின் கடைகளையும் வீடுகளையும் கோயில்களையும் அடித்து நொறுக்கின. 1964 இல் கிரேக்கக் குடியுரிமை உள்ளவர்களை நாட்டைவிட்டு அனுப்பினார்கள். இலட்சக் கணக்கில் இருந்த சனத்தில் இன்று அங்கே சில ஆயிரம் பேர். போன உடனே "எத்தனை பேர் மிச்சம்? உங்களை என்ன செய்தார்கள்?" என்று கேட்காதீர்கள். முள்ளிவாய்க்காலைப் பற்றி வெளிநாட்டு ஆட்கள் வாசலில் நின்று கேட்டபோது எங்களுக்கு எப்படி இருந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள். மெழுகுதிரி ஏற்றுங்கள், இருந்து செபியுங்கள். அவர்களாகக் கதைத்தால் கேளுங்கள். மொங்கோலியர் மாதா கோயிற் காவலர் கால் மணித்தியாலம் ஒன்றும் பேசவில்லை. நான் இரண்டாவது திரியை ஏற்றிய பிறகு பக்கத்தில் வந்து, தன் தாயின் படத்தை போனில் காட்டினார்.

ஆயா சோபியாவைக் கடைசிக்கு விட்டேன். 537 இல் கட்டி முடித்த கோயில், 1453 இல் பள்ளிவாசல், 1935 முதல் காட்சியகம், 2020 ஜூலையில் மறுபடி பள்ளிவாசல். 2022 இல் நாங்கள் காசு கட்டாமல் எல்லோரோடும் கீழ்த்தளத்துக்குள் போனோம். 2024 இல் இருந்து வெளிநாட்டவருக்குத் தனி வாசல், 25 யூரோ கட்டணம், மேல்மாடம் மட்டும். கீழே தொழுகைக்கு வருகிறவர்கள். மேல்மாடத்தில்தான் பழைய கல் ஓவியங்கள் இருக்கின்றன, அதனால் நட்டம் இல்லை. ஆண்டவருக்கு இரு பக்கமும் மாதாவும் ஸ்நாபக அருளப்பரும் நிற்கிற ஓவியத்தில் கீழ்ப்பாதி போய்விட்டது. ஆண்டவரின் முகம் முழுதாக இருக்கிறது, ஜன்னல் வெளிச்சம் படுகிற பக்கமாக நின்று பாருங்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் போக வேண்டாம். அங்கே சிலுவை போட்டுச் சத்தமாகச் செபிக்கவும் வேண்டாம், வாயை அசைக்காமல் செபித்தால் போதும். தொழுகிறவருக்கு முன்னால் குறுக்கே நடக்கக் கூடாது என்பது மன்னார் ஆட்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை.

காரியே 2024 மே மாதம் பள்ளிவாசலாகத் திறந்தது. அங்கேயும் கட்டணம் உண்டு, வெள்ளியைத் தவிர்த்துவிடுங்கள். பக்கத்துச் சிறு கோயிலின் வளைவில் ஆண்டவர் ஆதாமையும் ஏவாளையும் இரண்டு கையாலும் பிடித்துக் கல்லறையில் இருந்து இழுக்கிற ஓவியம். காசு கணக்குப் பார்க்கிறவர்கள் ஆயா சோபியாவை வெளியில் நின்று பார்த்துவிட்டு இதற்குக் கட்டுங்கள் என்று நான் சொல்வேன்.

ஏப்ரல் 23 இல் போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. புயுக்அடா என்ற பெரிய தீவில் புனித யோர்க்கியார் (ஜோர்ஜ்) மலைக்கோயில் திருவிழா அன்றைக்குத்தான். துருக்கியில் அது சிறுவர் தின விடுமுறை, அதனால் கப்பல் நிறைந்து முஸ்லிம் சனம் வரும். மலையடிவாரத்தில் நூல் பந்து வாங்கி, நூலை அவிழ்த்துக்கொண்டே ஏறுகிறார்கள். ஏற்றம் செங்குத்து, முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடுங்கள். திரும்புகிற கப்பல் நேரத்தை இறங்கும்போதே பார்த்து வையுங்கள்.

ஊற்றுத் தண்ணீரைப் பெட்டிக்குள் வைத்து விமானத்தில் அனுப்புங்கள், கைப்பையில் வைக்காதீர்கள். எனக்கு அது தெரியாமல் போயிற்று. பிளாக்கெர்ணேயில் பிடித்த அரை லீற்றர்ப் போத்தல் கைப்பையில் இருந்தது. விமான நிலையச் சோதனையில் முக்காடு போட்ட இளம் பெண் அதைக் கையில் எடுத்துத் தலையாட்டினாள். "அயாஸ்மா" என்றேன். கொஞ்ச நேரம் போத்தலைப் பார்த்தாள். பிறகு மூடியைத் திறந்து என்னிடமே நீட்டி, "தெய்ஸே" என்று சொல்லி, குடிக்கச் சொல்லிக் கையால் காட்டினாள். பின்னால் வரிசை நின்றது. அரை லீற்றரையும் அங்கேயே நின்று குடித்து முடித்தேன். அவள் யாரையும் அவசரப்படுத்த விடவில்லை.